இருபத்து மூன்று

நாற்பத்தோரு சார்ட்டுகள், எல்லாம் ஒரே பாட்டுக்கு.
இரண்டு நிமிடம் பதினெட்டு வினாடி:
அக்கார்டியன், அதன் முதுகில் ஒரு மட்டமான டிரம் மெஷின்.
இன்று பன்னிரண்டாம் நாள். பல் துலக்கும்போதும்
பிரஷ்ஷின் காம்பில் கட்டைவிரல் அதையே தட்டுகிறது.

புந்தா அரேனாஸில் காற்று முற்றிவிட்டது.
சதுக்கத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வங்கிக்குப் போகிறார்கள்.
மீன் கிடங்கிலிருந்து வந்து, கையுறை கழற்றி,
விரல்களுக்கு ரத்தம் திரும்பும்வரை காத்திருந்துதான்
உட்காருவேன்.
மரத்த விரலோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பெயர்கள் மறைத்து எண்களாக வருகிறார்கள்.
ஒன்று: படிக்கட்டு, படிக்கட்டு, படிக்கட்டு,
இடம் வலம் இடம் வலம், யாரோ பட்டாளத்துப் பிள்ளை.
ஒன்பது, பாட்டில் இல்லாத சத்தத்துக்கெல்லாம் நோட்டு போட்டிருக்கிறது.
கண்ணுக்குத் திருவிழா, காதுக்குப் பட்டினி.
பதினான்கை எழுதியவருக்குப் பத்து விரல் போதவில்லை.
எனக்கு இருப்பது பத்துதான் ஐயா.
இருபதில், சுருதி ஏறும் இடத்தில்,
அம்புகளை அடுக்கி ஒரு பெயர்: கமிலா.
நன்றாகப் படிக்க முடிகிறது. ஆடத்தான் முடியவில்லை.
கமிலா, நீ யாரோ, உன்னால் ஆறு மதிப்பெண் போயிற்று.

பிறகு முப்பத்து மூன்று.

சுரம் பிறப்பதற்கு முன் துருத்தி விரியுமே,
தோல் முனகி மூச்சிழுக்கும் அந்த இடம்,
அங்கே ஒரு நீள நோட்டு.
சும்மா அழுத்திப் பிடித்திருக்கச் சொல்கிறது.
மற்ற நாற்பது பேரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.
பன்னிரண்டு நாளாக என் காதிலும்.

ஆனால் கை வைத்த எதுவும் ஒட்டவில்லை.
முந்தி, முந்தி, முந்தி என்கிறது திரை.
முப்பத்து நான்கு வயது, அவ்வளவுதான் போல என்று நினைத்தேன்.
கோப்பைத் திறந்து பார்த்தால்
முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை ஒரே கடன்:
இருபத்து மூன்று மில்லிசெகண்ட் தாமதம்.
இமைப்பொழுதைக் கிழித்துப் போட்டால் ஒரு நார்.
அந்த வீட்டில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.
ஒலிதான் ஏதோ மலிவான ஸ்பீக்கருக்குள் நுழைந்து
சுற்றிக்கொண்டு வந்திருக்கும்.

அரீக்காவிலிருந்து மாரிசெல் சொன்னாள்:
ஒரே ஒரு எண், மாற்றிவிட்டால் இதுதான் முதல் பரிசு.
எலெயாசர் வால்டிவியாவில். அவன் குரலுக்குப் பின்னால்
தகரத்தில் மழை.
மாற்றியது அவரா, நாமா? என்றான்.
நாற்பது பேர் சரிபார்த்து அனுப்பினார்களே, யாஸ்னா.

எங்கள் தராசு ஒருமுறை ஒரு வாரம் முழுக்க
முப்பது கிராம் கூடக் காட்டியது.
மீன் நல்ல மீன்தான்.
லாரி திரும்பி வந்தது.

ஒத்திசைவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
மற்ற கட்டங்களில் கை தாராளமாகப் போயிற்று,
கூட்டிப் பார்த்தால் பதினேழாம் இடம்.
குறிப்பு எழுதும் கட்டத்தில் மூன்று முறை எழுதி அழித்தேன்.
முதலில் நீளமாக ஒரு மன்னிப்பு,
அப்புறம் ஒரு பாடம், அப்புறம் வெறும் 'வருந்துகிறேன்'.
கடைசியில் நின்றது இவ்வளவு:
உங்கள் காது சரி. உங்கள் ஸ்பீக்கர் பொய் சொல்கிறது.

அனுப்பிவிட்டேன். இனி மாற்ற முடியாது.
அதற்கப்புறம்தான் அந்த எண்ணை மாற்றினேன்,
என் கணினியில் மட்டும், எனக்கு மட்டும்.
அம்புகள் வந்து விரலடியில் உட்கார்ந்தன.
துருத்தி விரிந்தது, பிடித்தேன்,
ஜன்னல் சட்டம் அதிர்ந்ததில்
நூலளவு முன்னால் விட்டுவிட்டேன்.

மறுபடி ஆடியிருக்கலாம்.
மணி ஒன்றரை. முப்பத்து நான்கு பாக்கி.
திறந்தேன்.
படிக்கட்டு, படிக்கட்டு.