குழந்தைக் கட்டில், அறுபது வெள்ளி

முதலில் எண்பது போட்டேன்.
யாரோ விலை கேட்டதும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.
ஆறு மாதம் கழித்து அறுபது.
'லேசான கீறல், மற்றபடி நல்ல நிலை' என்று எழுதினேன்.
கட்டிலைப் பற்றித்தான்.

பொங்கோல், பதினான்காம் மாடி.
குண்டு விழுந்தாலும் தாங்கும் என்று கட்டிக்கொடுத்த
சாமான் அறையில் மூன்று ஆண்டாய்
பலகை பலகையாய்ப் பிரித்துச் சாத்தியிருந்தோம்.
அரிசி அள்ளப் போகும்போதெல்லாம்
பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவேன்,
அதன்மேல் உடம்பு படாமல்.

இருபத்தொன்பது மணி நேரம்.
பிறகு இயலினி.
அவள் அழுதாள், எல்லாரும் சிரித்தார்கள்,
நஞ்சுக்கொடி மட்டும் வர மறுத்தது.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
ஒரு தாதி என் கட்டில்மேலேயே மண்டியிட்டு ஏறி
வயிற்றை இரு கையாலும் பிசைந்தாள்.
சப்பாத்தி மாவு என்று நினைத்துக்கொண்டேன்.
அப்போதும் நினைக்க முடிந்தது, அதுதான் ஆச்சரியம்.
நான்கு பை ரத்தம்.
ஏதோ ஒரு சமூக மன்றத்தில் கை நீட்டிப் படுத்துவிட்டு
மைலோ குடித்துப் போன நால்வர்
எனக்குள் குடிவந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய தாளில் இருந்தது:
தாயும் சேயும் நலம்.

பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்பார்கள்.
வளைகாப்பில் சொன்னார்கள்,
பெயர் வைத்தபோதும் சொன்னார்கள்.
மறுபிறப்பென்றால்
நடுவில் ஒன்று நடந்திருக்க வேண்டுமே,
அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்பது வேறு.
"ஒண்ணோட நிறுத்திட்டியா? அதுக்கு ஒரு துணை வேணாமா?"
தேக்காவில் மீன் வெட்டுபவர் கேட்கிறார்,
எட்டாம் மாடிவரை கூட வருகிற அம்மாள் கேட்கிறாள்,
மின்தூக்கி திறப்பதற்குள் பதிலும் வேண்டும்.
அரசாங்கம் இரண்டாவதற்கும் ரொக்கம் தருகிறது.
அந்தப் படிவத்தை ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன்.
என்ன ஆயிற்று என்று எழுத
ஒரு கட்டமும் இல்லை.

கிருபாகரன் கேட்டதேயில்லை.
அன்று போட்டிருந்த காலணியை
அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு
வெறுங்காலோடு டாக்சி ஏறியவன்.
அவன் கேட்காததை
ஒரு மாதம் கருணை என்று வைத்துக்கொள்வேன்,
ஒரு மாதம் பயம் என்று.
இரவில் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவேன்.
அந்தச் சின்னச் சத்தத்துக்குப் புரண்டு படுப்பான்.

ஆசை இல்லை என்று யார் சொன்னது?
ரயிலில் யாரோ ஒருத்தியின் தோளில்
ஒரு காலுறை கழன்ற குதிகால் தொங்கியது.
இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை நூர்ஷஃபிகா வந்தாள். ஏழு மாதம்.
கிருபாகரன் திருகாணிகளை எண்ணினான்:
பதினாறில் ஒன்று குறைகிறது.
மறுபடி எண்ணிவிட்டு
கீழே கடைக்கு வாங்கப் போனான்.
அவள் பலகையைத் தடவிக்கொண்டே
பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில் கேட்டாள்:
உங்களுக்குச் சுலபமாக இருந்ததா?

"உறுதியான கட்டில்," என்றேன். "ஆடவே ஆடாது."

மின்தூக்கிவரை போனபின்
கதவு மூடப்போகும் நேரத்தில் கைவிட்டுத் தடுத்தேன்.
ரத்தம் நிற்கவில்லை என்று தோன்றினால்
கத்திச் சொல், வெட்கப்படாதே.
அவள் முகம் மாறிவிட்டது.
சொல்லியிருக்க வேண்டாமோ என்று இரண்டு நாள்.
சொன்னது சரி என்று மூன்றாம் நாளிலிருந்து.

சாமான் அறையில் தூசி படியாத ஒரு நீள்சதுரம்.
இயலினி அதற்குள் போய் நின்றாள்.
"இங்க யாரு வரப் போறா?"
"அரிசி," என்றேன்.
கிருபாகரன் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிறு காலை அவன் சட்டைகளைத் துவைக்கப் போட்டேன்.
இயந்திரத்துக்குள் எதுவோ
கணகணவென்று சுற்றிக்கொண்டே இருந்தது.
நிறுத்திப் பார்க்கவில்லை.