வரிசை எண்

அக்டோபரில் வசந்தம் என்கிறது காலண்டர்.
காற்று அதைப் படிப்பதில்லை.
நீரிணையிலிருந்து அது ஏறி வருகிற நாட்களில்
புன்டா அரெனாஸ் தெருமுனைகளில்
முனிசிபாலிட்டி கயிறு கட்டும்.
அதைப் பற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தோம்
அந்தப் புதன்கிழமையும்.

பொதுநிலையினர் குழுமம். பதினொரு பேர்.
குருவானவர் கிடையாது, கன்னியர் கிடையாது.
எரிவாயு சிலிண்டர் விற்கிற ரெமிஹியோவின் முன்னறை,
பன்னிரண்டாவது நாற்காலியில் எப்போதும் பூனை.
குறிப்பெழுதுவது என் வேலை.

சான்டியாகோவிலிருந்து தாள் வந்திருந்தது:
கடவுள், குடும்பம், குழுமம், ஏழைகள், தொழில்.
உங்கள் வாழ்வில் எது முதல், எது பிறகு?
மௌனமாகச் செபித்து,
எண் இட்டு அனுப்புக.

ஏழு நிமிடம் மௌனம். நான்தான் நேரம் பார்த்தேன்.
நண்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஸ்லாட்கோ
நான்காவது நிமிடத்தில் தூங்கிப்போனார்.
வியாழன்தோறும் நற்கருணை முன்னாலும் அப்படித்தான்,
ஓடு கீறிய விரல்களை மடியில் போட்டு,
வாய் கொஞ்சம் திறந்து.
அதற்கு என்ன எண்? தாளில் இடமில்லை.

கடவுள் ஒன்று, என்றார் கூமெர்சிந்தோ, உரக்க.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
தலைகள் ஆடின. எழுதினேன்.
அப்போது அவர் மனைவி ஒஃபெலியா,
பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து
கண்ணை எடுக்காமல்:

பதினாறு வருடமாக
என் வீட்டில் கடவுள்தான் முதல்.
புதன் அவருக்கு. வியாழன் அவருக்கு.
சனிக்கிழமை சிறைச் சந்திப்பு.
ஞாயிறு, சொல்லவே வேண்டாம்.
கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி இருக்கிறது,
அது எந்த எண் என்று இவர் சொல்லட்டும்.
ராத்திரி இரண்டு தடவை எழுந்து கொட்டுகிறேன்.
அந்நேரம் நான் சொல்வதும் செபம்தான்,
இங்கே சொல்ல முடியாத வார்த்தைகளில்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.
தகரத்தைப் பிடித்து உலுக்கியது காற்று.
ஸ்லாட்கோ விழித்து, ஆமென் என்றார்.

கூமெர்சிந்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
"ஓர் உறுப்பினர் முன்னதாக விடைபெற்றார்"
என்று எழுதினேன். பொய்யில்லை.
மாலைப் புகழுக்கு எல்லோரும் எழுந்தோம்.
ஒஃபெலியா எழவில்லை.
விட்டுப்போன கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன் இரண்டு நாற்காலி காலி.
பூனை ஒவ்வொன்றாக மாறி உட்கார்ந்து பார்த்தது.
இருவருக்காகவும் மன்றாடினோம்,
என்ன கேட்பதென்று தெரியாததால்
நீளமாக.

கையொப்பம் வாங்கவேண்டுமே என்று
சனிக்கிழமை மாலை அவர்கள் தெருவுக்குப் போனேன்.
அது சாக்கு. கேட்கிறவருக்கும் தெரியும்.
எட்டு மணிக்கும் வெளிச்சம்,
காற்று ஓய்ந்து, கடல் ஈயம் மாதிரி.
கூரை மேல் ஒஃபெலியா:
வாயில் நான்கு ஆணி, கையில் சுத்தியல்.
கூமெர்சிந்தோவுக்கு உயரம் ஆகாது.
கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார்
இரண்டு கையாலும்,
கதிர்ப்பாத்திரம் ஏந்துகிறவர் மாதிரி,
முகம் மேலே, இமை அசையாமல்.

சனிக்கிழமை.
சிறையில் பெஞ்சில் ஒருவன்
இவருக்காகக் காத்திருந்து எழுந்து போயிருப்பான்.
அதையும் நினைத்தேன்.
நினைத்தது இன்னும் போகவில்லை.

கூப்பிடாமல் திரும்பினேன்.
வீட்டில் தாளை விரித்து
ஐந்து சொற்களையும் வட்டமாக எழுதிப் பார்த்தேன்,
அசட்டுத்தனமாக இருந்தது, கிழித்தேன்.
வந்த வரிசையிலேயே மறுபடி எழுதி
எண் போடாமல் உறையில் இட்டேன்.
மை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு ரெமிஹியோவுக்குப் போன் செய்தேன்.
சிறையில் அந்தப் பையன் பெயர் என்ன,
சனிக்கிழமை கதவு எத்தனை மணிக்குத் திறப்பார்கள்,
பெண்கள் போனால் விடுவார்களா
என்று கேட்க.