லக்கேஜ்

ரஸ்தா தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது.
மாட்டுக்கு ஒன்றுமில்லை.
அடைக்கலம் அண்ணன் பிரேக்கை மிதித்த நொடியில்
பின்படித் தடுப்புக் கண்ணாடிக்குள்
என் வலது முன்கை போய்
வெளியே வந்தது.

தோல் பத்து நாளில் மூடிக்கொண்டது.
பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல்
மூன்றும் என்னோடுதான் இருந்தன, எனக்குத் தெரியாமல்.
பைக்குள் கைவிட்டால்
ஐந்து ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒரே சாதி.
சில்லறையைக் கண்ணால் துழாவுகிற கண்டக்டரை
தேவகோட்டைப் பள்ளிப் பிள்ளைகள்கூட ஏமாற்றலாம்.
ஒருவரும் ஏமாற்றவில்லை.
அதுதான் வலித்தது.

மதுரையில் டாக்டர் மெய்யம்மை,
பள்ளத்தூர்க்காரர், சுற்றி வளைக்கமாட்டார்:
"நரம்பில் ஐந்து சென்டிமீட்டர் போய்விட்டது.
இழுத்துத் தைத்தால் நிற்காது.
கெண்டைக்காலிலிருந்து ஒன்று எடுத்து வைக்கலாம்,
பாதத்தின் ஓரம் மரத்துப்போகும், அவ்வளவுதான்."
அவ்வளவுதான்.
நாளைக்கு ஒன்பது மணி நேரம்
ஓடுகிற தரையில் நிற்கிறவன் நான்.
காலைக் கொடுத்துக் கையை வாங்குவது
கட்டுப்படியாகாது என்றேன்.

"அப்படியென்றால் இறந்தவருடையது" என்றார்,
இட்லி தீர்ந்துவிட்டது, பொங்கல் இருக்கிறது என்பதுபோல.

யாருடையது?
சொல்லமாட்டார்கள். உறைமேல் ஓர் எண்.
கழித்தல் எண்பது டிகிரியில் ஏழு மாதம் கிடந்ததாம்.
சித்திரையில் காரைக்குடித் தார் உருகி
டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தபோதும்
அது அங்கே கிடந்திருக்கிறது,
ஆணா, பெண்ணா, கடைசியாக எதைத் தொட்டது
என்ற விவரம் ஏதுமின்றி.
"உறையவைத்ததில் உயிரணுவெல்லாம் செத்துவிடும்.
அதனால் உங்கள் உடம்பு சண்டைக்குப் போகாது.
மிச்சம் வெறும் குழாய்கள்.
உங்கள் நரம்பே அதற்குள் நடந்து போகும்,
நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்."

ஐஸ் பெட்டி எனக்குப் பழக்கம்.
விடிகாலை ஐந்தே கால் தொண்டி வண்டியில்
ஞானப்பூ ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டிக்கு
லக்கேஜ் போட்டுப் பதினோரு வருடச் சண்டை.
"செத்த மீனுக்கா டிக்கெட்டு?" என்பாள்.
"எடத்த அடைக்குதுல்ல" என்பேன்.
மயக்க மருந்து ஏறும்போது யோசித்தேன்,
என் பெட்டிக்கு யார் லக்கேஜ் போட்டிருப்பார்கள்?

கட்டுப் பிரித்ததும்
நீலப் பேனாவை இடக்கையில் பிடித்து
முன்கையில் கோணல்மாணலாக நிறுத்தங்கள் எழுதினேன்.
ஒட்டு தொடங்குமிடம் காரைக்குடி.
முடிகிற தையல் ரஸ்தா.
மணிக்கட்டு தேவகோட்டை.
உள்ளங்கை திருவாடானை.
விரல்நுனி மூன்றும் தொண்டி,
அப்புறம் கடல்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தட்டிப் பார்ப்பேன்.
எங்கே தட்டினால் விர்ரென்கிறதோ, வண்டி அங்கே.
ரஸ்தாவில் நாற்பது நாள் நின்றது.
பிரேக்டவுன்தான் என்று பேனாவைத் தூக்கிப் போட்டேன்.
பிறகொரு மழை ராத்திரி, வேறெதற்கோ கைமாற்றியபோது
தேவகோட்டைக்குச் சற்று முன்னால்
விர்.

எந்த ரோட்டையும் போட்டது யாரென்று கேட்டவனில்லை நான்.
யாரோ காலிசெய்துவிட்டுப் போன இந்த ஐந்து சென்டிமீட்டருக்கு
ஒரு பெயர் கேட்கவேண்டும்போல் இருந்தது.
எண்ணைத்தான் சொன்னார்கள்.
மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

பத்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
ஐந்தும் இரண்டும் இன்னும் ஒரே சாதிதான்.
முழுசாக வராமலும் போகலாம் என்று
டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஐந்தே கால் வண்டி.
பெட்டியை ஏற்றிவிட்டு ஞானப்பூ
ஐஸ் அள்ளிய கையோடு சில்லறை நீட்டினாள்.
வாங்கினேன்.
ஆட்காட்டி நுனியில்
விளிம்பு இல்லை, எடை இல்லை, எழுத்து இல்லை.
குளிர்.
குளிர் மட்டும் வந்து இறங்கியது.

"என்ன சேவுகா, இன்னைக்குச் சண்டை இல்லையா?"

அடைக்கலம் அண்ணன் இரண்டுமுறை ஹாரன் அடித்தார்.
நாணயம் சூடாகும்வரை
நான் விசில் கொடுக்கவில்லை.