மிச்சம்

கடலூர் முதுநகர். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்தெரு, மாடி அறை.
ராத்திரி ஒன்றே முக்கால்.
திரையில் இரண்டு புள்ளிகள்,
ஒன்று சற்று மங்கல்.

இரண்டும் ஒரே குவேசார்.
அதே நிறமாலை, அதே கரிமக் கோடு,
கோட்டின் இடது தோளில் அதே சின்னப் பள்ளம்.
ஆயிரம் கோடி வருஷம் நேராக வந்த வெளிச்சம்
எதையோ சுற்றிக்கொண்டு
இரண்டாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த எதையோவைத்தான்
எட்டு மாதமாகத் தேடுகிறேன்.

நடுவில் ஒரு கேலக்ஸி இருந்தாக வேண்டும்.
கணக்கு அதன் எடையைக்கூடச் சொல்லிவிட்டது.
படம்தான் வாய் திறக்கவில்லை.

பக்கத்து நட்சத்திரத்தை அச்சாக எடுத்து,
அன்றைய காற்று அதைக் கலைத்த விதத்தோடு,
முதல் புள்ளியைக் கழித்தேன்.
இரண்டாவதையும்.
மிஞ்சியது
அழித்த பலகையில் ஒட்டிய சாக்குத்தூள்.
கேலக்ஸியா,
நான் சரியாக அழிக்காததா?

ஜன்னலோரம் குடித்து வைத்த பன்னீர் சோடா பாட்டில்.
அடிப்பக்கத்தைக் கண்ணில் வைத்துத் துறைமுக விளக்கைப் பார்த்தேன்.
விளக்கு நான்கானது, பிறகு வளையம்.
கண்ணாடி மட்டும் தெரியவேயில்லை.

செவ்வாய்க்கிழமை அத்தை பேசினாள், சாமியார்பேட்டையிலிருந்து:
கலைவேந்தன் இன்ஜினை விற்றுட்டான்.
வெள்ளிக்கிழமை அண்ணி அதையே சொன்னாள்,
கொஞ்சம் சுருதி இறங்கி, மூன்று நாள் தாமதமாக.
"கடனா?" என்றேன்.
இரண்டு பேரும் அதே இடத்தில் நிறுத்தி,
அதே மாதிரி இருமி,
மழை பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அண்ணனுக்கு நான் இன்னும் போன் போடவில்லை.

கீழே ஐஸ் பாளம் உடைக்கிறார்கள்.
ஒவ்வொரு அடிக்கும் மேஜை லேசாக நடுங்குகிறது,
படத்தில் ஒன்றும் நடுங்குவதில்லை,
அது எப்போதோ எடுத்தது.

புதுச்சேரியிலிருந்து பிலோமின்ராஜ் செய்தி:
"இரைச்சலைவிட எத்தனை மடங்கு?"
இரண்டரை.
"ஐந்து இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள்."
தெரியும்.
அகச்சிவப்பில் இன்னும் மூன்று மணி நேரம் கொடுத்தால்
குவேசார் கொஞ்சம் அடங்கும்,
நடுவில் இருப்பது முகம் காட்டலாம்.
விண்ணப்பத்துக்கு வியாழன் கடைசி.

மறுபடி கழித்தேன், அச்சை மாற்றி.
தூள் இடம் மாறவில்லை.
அவ்வளவுதான், வேறொன்றுமில்லை,
மாறவில்லை.

கோப்புக்குப் பெயர் வைத்தேன்:
ஒருவேளை, ஏழு.
மணி மூன்று. இந்நேரம் அண்ணன் கடலில் இருப்பான்
என்று பழக்கத்தில் நினைத்து,
பிறகு
போனை எடுத்தேன்.