நான்கு கால் சிலந்தி

பெல்கிரேடில் என் வண்டிக்குச் சிலந்தி என்று பெயர்.
எட்டுக் கால் எல்லாம் கிடையாது.
சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பட்டை, மேலே ஒரு கொக்கி.
சத்தமில்லாமல் இறங்கி
காரைக் கவ்விக்கொண்டு போகும்.
சத்தமில்லாமல் என்றது பொய்.
கார்க்காரர்கள் போடும் சத்தத்தில் இதன் சத்தம் கேட்பதில்லை.

நிறுத்தத்தில் பேருந்துக்கென்று
மஞ்சள் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
பாதியை மழை கரைத்தது,
மீதியை டயர்கள் நக்கித் தின்றன.
"ஒரே நிமிஷம்" என்பதுதான்
இந்த ஊரின் மிக நீளமான கால அளவு.
ரொட்டிக் கடைக்கு ஒரு நிமிஷம்
லாட்டரிக்கு ஒரு நிமிஷம்
பல் பிடுங்கிக்கொள்ள ஒரு நிமிஷம்.
நான்கு விளக்கையும் மினுக்க விட்டுப் போனால்
கார் கண்ணுக்குத் தெரியாது என்று
யாரோ இவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய், நவம்பர், ஆறே முக்கால்.
பெட்டிக்கடை வுகோசவா போன் போட்டாள்.
சாம்பல் நிற ஸ்கோடா, கட்டத்தின் நட்டநடுவில்.
விளக்குகூட மினுங்கவில்லை.
கண்ணாடியில் உறைபனி,
விடியுமுன்னே வந்து படுத்த வண்டி.

பேருந்து வந்தது. ஒதுங்க இடமில்லாமல்
தண்டவாளத்தின் மேலேயே நின்று கதவைத் திறந்தது.
பின்னால் ட்ராம் மணியடித்தது.
ட்ராமுக்குப் பின்னால்
மொத்த ஊரும் ஹாரன் அடித்தது.

சக்கர நாற்காலியில் தியோதோரா.
சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு, பச்சைக் குல்லாய்.
சரிவுப் பலகை நடைமேடையைத் தொட்டால்தான்
அவளுக்கு அது பேருந்து.
பலகைக்கும் அவளுக்கும் நடுவே
ஒரு ஸ்கோடா அகலம்.
தூக்கி ஏற்றிவிடுகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள்.
"நான் என்ன மூட்டையா?" என்றாள்.

பட்டைகளைப் பூட்டினேன்.
டிரைவர் இறங்கி வந்தான். ரதோமிர்.
மற்ற டிரைவர்கள் என்னைக் கண்டால் கைதட்டுவார்கள்.
இவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
காது நுனிவரை சிவந்தான்.
"என்னுடையது."

நாலே காலுக்கு டிப்போவில் கையெழுத்து.
அந்நேரத்தில் பேருந்து ஏது,
ஓட்டப் போகிறவனே இவன்தானே.
டிப்போ தெருவில் ஊசி நுழைய இடமில்லை.
மூன்று சுற்று சுற்றியிருக்கிறான்.
இருட்டில் மஞ்சள் தெரியவில்லை என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "தெரிந்தது" என்றான்.
முதல் நடையில் இங்கே யாரும் நிற்கவில்லை,
நிற்காமலே கடந்திருக்கிறான்,
தன் காரைத் தானே பார்க்காதவன் மாதிரி.

சக்கரம் தரையை விடுமுன் சொந்தக்காரன் வந்தால்
பாதி அபராதத்தோடு விட்டுவிடலாம், விதி உண்டு.
சாவி எங்கே என்றேன்.
டிப்போ லாக்கரில் என்றான்.
இரண்டு ஸ்டீயரிங், ஒரே ஆள்,
பின்னால் மூன்று ட்ராம்.
"தூக்கு" என்றான்.

தூக்கினேன்.
தன் இருக்கையில் போய் உட்கார்ந்து
தன் கார் தலைக்கு மேல் போவதைப் பார்த்தான்.
பயணிகள் கைதட்டினார்கள்.
அவனும் இரண்டு தட்டுத் தட்டினான்,
எனக்கு அது தெரிந்தது.
பிறகு பேருந்தை மயிரிழை பிசகாமல்
நடைமேடையோடு ஒட்டினான்.
பலகை இறங்கியது, தியோதோரா ஏறினாள்.
"எவன் அந்த முட்டாள்?" என்று கேட்டாளாம்.
"தெரிந்தவன்தான்" என்றானாம்.

சாயங்காலம் கிடங்குக்கு வந்தான், நடந்தே.
அங்கே எந்தப் பேருந்தும் போவதில்லை.
முழு அபராதத்தையும் எண்ணி வைத்துவிட்டு,
கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்:
"விடிகாலை வேலை இருந்தால்
நீ எப்படி வருகிறாய்?"

ரசீதில் முத்திரை குத்தினேன்.
மை சரியாகப் பதியவில்லை.
இன்னொரு முறை குத்தினேன்.