மைனஸ் இருபத்தாறு

டிக்.
அவ்வளவுதான்.
அறுபது மீட்டர் தள்ளி, பனி கவிந்த புதருக்கு மேல்
கொம்பு உதிர்ந்த தலையொன்று திரும்பி என்னைப் பார்த்தது.
ஒரு காது மட்டும் ஆடிற்று.
பிறகு அவசரமே இல்லாமல்
பிர்ச் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது மூஸ்.

ஆளில்லாத சதுப்பின் பக்கமே குழலைப் பிடித்தபடி
முப்பது வரை எண்ணினேன்.
தாமதமாய் வெடிக்கும் தோட்டாவும் உண்டு,
சில மனிதரின் கோபம் போல.
வெடிக்கவில்லை.
போல்ட்டை இழுத்ததும் கையுறையில் வந்து விழுந்தது,
செம்பும் பித்தளையும் முழுசாக.
அதில் பொறித்த எண்ணும் குழலில் பொறித்த எண்ணும் ஒன்றேதான்.
ஆனால் அடியில், ப்ரைமரின் வட்டத்தில்
குழந்தையின் நகம் பட்டாற்போல் ஒரு தடம்.
மருந்து தூங்கிக்கொண்டிருந்தது.
தட்டியவர் சரியாகத் தட்டவில்லை.

"ஹில்க்கா, சத்தமே வரலையே?"
ரேடியோவில் ரெய்யோ.
"எண்ணெய்" என்றேன்.
பத்துப் பேரின் சிரிப்பு காதில் கரகரத்தது.

பதினெட்டு வருஷமாய் இந்தக் கைனூ காட்டுச் சாலையில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
குளிரில் டீசல் மெழுகாய்த் திரளும் என்று
விடியுமுன் எழுந்து எஞ்சினுக்குச் சூடு காட்டுகிறவள்.
அதே நான்தான் அக்டோபரில்
போல்ட்டுக்கு எண்ணெய் தேய்த்துத்
தலைமுழுக்கே ஆட்டிவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் ரைபிளை உடனே உள்ளே எடுக்கவில்லை.
குளிர்ந்த இரும்பு கதகதப்பில் வியர்க்கும்.
தோட்டாக்களை எடுத்துவிட்டு,
பூட்டிய முன்னறையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தேன்.
பிறகு சமையல் மேஜையில் செய்தித்தாள் விரித்து
போல்ட்டைத் திருகிப் பிரித்தேன்.
சுருள்வில். ஊசி.
இரண்டையும் பிடித்து வைத்திருந்தது தேன் நிறப் பசை.
அதற்குள் போன வருஷத்துப் பைன் ஊசி ஒன்று.
ஊசிக்கு ஊசி துணை.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கழுவினேன், துடைத்தேன், காயவைத்தேன்.
குழலுக்குள் துணி விட்டு இழுத்தேன்:
கறுப்பு, கறுப்பு, சாம்பல், பிறகும் சாம்பல்,
ஒருவழியாய் வெள்ளை.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்
சுழன்று சுழன்று ஓடும் வரிகள்,
முடிவில் ஒரு துளி விளக்கு.
ஊசிக்கு இந்தமுறை ஒன்றும் பூசவில்லை.
கிடக்கட்டும் உலர்ந்து.

மறுநாள் கொட்டகையில்
வேறு யாரோ சுட்ட மூஸ்.
பதினொரு குவியல் இறைச்சி.
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான் ரெய்யோ.
"இது யாருக்கு?" தெர்த்து ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கேட்க,
பார்க்காமலே பெயர் சொல்லிக்கொண்டு வந்தான்.
தொடைக்கறி நிறைந்த அந்தக் குவியலுக்கு
"ஹில்க்கா" என்றான்.

நான் சுடாத கறி. என் பையில் கனத்தது.
தெர்த்து மட்டும் கிட்டே வந்து சொன்னாள்:
"வறுக்க எண்ணெய் உன்னிடம் இருக்குமே."