ஒட்டிய சீட்டுகள்

லிமின்கா விரிகுடா, மே கடைசி.
இருட்டு இங்கே அரைநாள் வேலைகூடச் செய்வதில்லை.
விடிகாலை மூன்றரைக்குச் சண்டை தொடங்கிவிட்டது,
சதுப்புச் சேவல்கள்,
சத்தமே இல்லாமல்.

கறுத்த கழுத்துப்பட்டைக்காரன்
ஓரடி மண்ணுக்குச் சொந்தக்காரன்.
வெள்ளைப் பட்டைக்காரன் அவனருகே குனிந்து நிற்கிறான்,
பட்டா கேட்காத பங்காளி.
மூன்றாமவனுக்குப் பட்டையும் இல்லை, கொண்டையும் இல்லை.
பெட்டைகளோடு பெட்டையாய் மேய்ந்து
சந்தடியில் காரியத்தை முடித்துக்கொள்வான்.

ஓத்சோ அவனை வலையிலிருந்து கழற்றி
இறக்கையை அளந்தான்.
"பெட்டைக்கு இது நீளம் அதிகம், ஹில்க்கா."
ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

மழை வந்தால் குடிலில் சீட்டாட்டம்.
போன வருஷம் ஜாம் கொட்டிய கட்டு.
எப்படிக் கலைத்தாலும்
ஆர்ட்டின் ராணி, கிளாவர் ஏழு, இன்னும் மூன்று
பிரியாமல் ஒரே கைக்குப் போகும்.

அவனுக்குள்ளும் அப்படி ஒரு கட்டு.
ஏறக்குறைய நாற்பது லட்சம் வருஷத்துக்கு முன்
ஒரு துண்டு கழன்று
தலைகீழாய் ஒட்டிக்கொண்டதாம்.
நூற்றுச்சொச்சம் மரபணுக்கள்.
அன்றிலிருந்து கலையவே இல்லை.
இறகின் நிறம் போதும், இந்தப் பயந்த நடை வேண்டாம் என்று
எந்தக் குஞ்சும் பேரம் பேச முடியாது.

வெய்க்கோவும் நானும் பிரிந்தபோது
படகு அவனுக்கு, சௌனா எனக்கு,
மீன்வலைகளை எண்ணி ஆளுக்குப் பாதி.
நாயைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
அது இரண்டு வீட்டுக்கும் நடுவில்
ஒரு பாதை போட்டுக்கொண்டது.

ஜூன் பதினாறு. கோரைக்குள் ஒரு கூடு.
மூன்று பொரிந்துவிட்டன. நான்காவது குளிர்ந்து கிடந்தது.
அப்பன் கொடுத்ததும் தலைகீழ்க் கட்டு,
தாய், தன்னிடம் இருப்பதே தெரியாமல்
கொடுத்ததும் அதே கட்டு என்றால்
உயிர் தரிக்காது.
கழன்ற இடத்தில் ஒரு மரபணு முறிந்திருக்கிறது.
நேரான பிரதி ஒன்றாவது வேண்டும்.
அதனால்தானா? குளிரா? நரி பயந்து
தாய் எழுந்து போன ஒரு மணி நேரமா?
ஓத்சோ குறிப்பேட்டில் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதினான்.
நான் முட்டையைப் பஞ்சில் சுற்றி
டப்பாவின் மேல் எண் ஒட்டினேன்.

ராத்திரி, ராத்திரி என்று சொல்லிக்கொள்ளும் அந்த வெளிச்சத்தில்,
கெட்டில் ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும் என்றான்.
வேண்டாம், போடு என்றேன்.

அந்த ஐந்தும் எனக்கே வந்தன.
ஓரம் கொஞ்சம் விட்டிருந்தது.
ராணிக்கும் ஏழுக்கும் நடுவில்
தட்டையாய், காலெல்லாம் முழுசாய்,
போன வருஷத்துக் கொசு.